லிஃப்டில் கேட்ட கவிதை

இன்று காலை லிஃப்ட் கதவு திறந்ததும் அதே கிரீஸ் வாடை. புதுக் கண்ணாடி, புது ஃபேன் எல்லாம் போட்டுவிட்டார்கள். வாடையை மட்டும் மாற்ற முடியவில்லை. உன் நினைவு வந்துவிட்டது. படியிறங்கியே போனேன்.

நாம் மாட்டிக்கொண்டது எட்டாவது மாடியில் என்றுதான் நம் லிங்கராஜபுரம் ஏரியா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நம் கட்டடத்துக்கு நாலே மாடி என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

அன்று உன் மகள் ஜெனிக்குக் கல்லூரியில் கவிதை வாசிப்பு. நீயோ அவளைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்க்க இழுத்துக்கொண்டு கிளம்பினாய். "கவிதை படிச்சா யாரும்மா வேலை தர்றாங்க?" என்றாய். இரவெல்லாம் கம்பெனி கேப் ஓட்டி உன் கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. அவள் கவிதைப் புத்தகத்தைக் கையிலிருந்து விடவில்லை. சமாதானம் செய்யலாமென்று நானும் கூடவே லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடி தாண்டியதும் கரண்ட் போனது.

கும்மிருட்டு. நீ கதவைத் தட்டினாய், பட்டனையெல்லாம் அமுக்கினாய். "ஐது நிமிஷ சார்!" என்று கீழேயிருந்து வாட்ச்மேன் கன்னடத்தில் கத்தினார். அவருடைய ஐந்து நிமிடம் நமக்குத் தெரியாதா? மூன்று பேர் மூச்சில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. யானையையே நகர்த்தும் இந்தத் தோளை வைத்துத் தள்ளியும் கதவு அசையவில்லை.

"அங்க போய்ப் படிக்கத்தான் விடல. இங்கயாவது படிக்கட்டுமாப்பா? இப்ப நீங்க எங்கயும் போக முடியாது" என்றாள்.

செல்ஃபோன் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். வீட்டுக்கு வந்த பின்னும் வந்து சேராத ஒரு மனிதனைப் பற்றிய கவிதை. அவன் தட்டில் சோறு ஆறுகிறது. பிள்ளைகள் சத்தம் போடாமல் நடக்கிறார்கள். அவ்வளவுதான்.

"இந்தக் கவிஞரு நம்மாளுதாம்மா. ஃப்ரேசர் டவுன்ல என்கூட டீ குடிச்சவரு..." என்று ஆரம்பித்தேன்.

"சும்னிரு மச்சா" என்று என்னை அடக்கினாய். இருட்டில் உன் முகம் தெரியவில்லை. பிறகு அவளிடம் கேட்டாய்: "அந்தாளு அப்புறம் என்னம்மா ஆனாரு?"

"கவிதை அங்கயே முடிஞ்சிடுதுப்பா."

"அதெப்படி முடியும்? அவரு வந்து சேந்தாரா, இல்லியா?"

அவள் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான் விட்ட உதையில்தான் லிஃப்ட் இறங்கியது என்பது என் கட்சி. நீ வண்டியைக் கம்ப்யூட்டர் கிளாஸ் பக்கம் திருப்பவில்லை. கல்லூரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, "நானும் உள்ள வரலாமா?" என்று அவளிடமே கேட்டாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து, தூங்காமல் கேட்டாய். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். சரி, நாற்பது பேர்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு ஜெனி கவிதைப் புத்தகத்தைத் தொடவே இல்லை. போன வாரம்தான் ஒன்றை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"விளக்கம் சொல்லாம கேப்பீங்களா அங்கிள்?"

பேசாமல் இருப்பது எனக்கு ஜெயில் என்று உனக்குத் தெரியும். அவள் படித்து முடித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.