படகின் கண்ணில் வைத்த பொட்டு

மச்சான்,

இன்று காலை பால்கனிக் கதவைத் திறந்தேன். ஏரியிலிருந்து சாக்கடை நாற்றம் வரவில்லை. வெறும் தண்ணீர் வாசனை. அந்தக் குளுமையில் நின்றபடியே பாதி உறங்கிவிட்டேன். நீயும் அந்த மயக்கத்துக்குள் வந்து நின்றாய்.

கொரட்டூர் ஏரி அப்போது ஏரியாகவா இருந்தது? ஆகாயத்தாமரை மண்டி, கொக்குகள் கல்யாண ஊர்வலம் போகும் அளவுக்குக் கெட்டித்துக் கிடந்தது. உனக்கிருந்த ஆசை ஒன்றுதான். "பொறந்ததுலேர்ந்து ஏரிக்கரையில குந்திகினு கீறேன், தண்ணி இன்னா கலர்னே மறந்துட்டேன் மாமே. ஊட்டு ஜன்னல்லேர்ந்து ஒருவாட்டி பாத்துட்டா போதும்" என்பாய்.

அப்போதுதான் அந்த ரோபோ படகு வந்திறங்கியது. தானே போய்க் குப்பை அள்ளும், தண்ணீரையும் சோதிக்கும். கட்டில் அளவுதான், என் கண்ணுக்குப் பட்டத்து யானை. அன்றைய சோதனை ஓட்டத்தில் தேறினால் நம் ஏரியிலேயே இருக்கும், இல்லையென்றால் வேறு ஊருக்கு லாரி ஏறிவிடும் என்றாள் கொண்டுவந்த பொறியாளர் பெண்.

புது வண்டி பூசையில்லாமல் கிளம்பலாமா? எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் தேடினாய், இல்லை. சரியென்று, முன்பக்கம் நெற்றிபோல் பளபளத்த இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டாய்.

நீரில் விட்டதும் படகு சாமி வந்ததுபோல் சுற்றியது. பிறகு ஆகாயத்தாமரைக்குள் முட்டி நின்றது. பொறியாளர் பெண் தன் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், கேமரா முழுக்க மஞ்சளா தெரியுது. என்ன பண்ணீங்க?"

"பொட்டு வெச்சேம்மா. திருஷ்டி பட்டுடக் கூடாதுல்ல."

"நல்லா வெச்சீங்க. அதுக்குக் கண்ணே அங்கதான் இருக்கு."

உன் முகம் செத்துவிட்டது. லாரிக்காரர் கயிறு எடுக்கப் போனார். நீயோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் இறங்கிவிட்டாய். துண்டு நுனியால் அதன் கண்ணைத் துடைத்து, "கோச்சிக்காத நைனா, போய் வேலையப் பாரு" என்றாய்.

படகு நகர்ந்தது. அதன் பின்னே பச்சை விலகி, பாய் அகலத்துக்குத் தண்ணீர் திறந்தது. அதில் ஒரு மேகம் மிதந்தது.

படகு தங்கிவிட்டது. உன் ஜன்னலுக்கு எதிரே தண்ணீர் விரிந்ததை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் நீ போனாய்.

இப்போது டீக்கடையில் உன் கதையை நான்தான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏரி ஆழமாகிறது. போன வாரம் நீ முதலையோடு மல்லுக்கட்டினாய். ஆனால் படகு போன பிறகும் நீ கரையேறாமல், அந்த மேகம் கலைந்துவிடுமோ என்று கையைக்கூட அசைக்காமல் நின்றாயே, அந்த இடத்தில் மட்டும் ஒரு சொல்லும் கூட்டுவதில்லை, மச்சான்.