வயர் எட்டுகிற தூரம்

மார்ச் 2, ஞாயிறு

லேப்டாப் இன்றும் காலை வாரிவிட்டது. பிளக்கைச் சுவரில் சொருகியிருக்கும்வரை ஜோராக ஓடுகிறது. கழற்றிய நொடியில் திரை கறுத்துவிடுகிறது. ஓரத்தில் பேட்டரிப் படமும், பக்கத்தில் நூறு சதவீதம் என்ற எண்ணும். பச்சைப் பொய்.

ஆக, ஐந்தாவது ஞாயிறாக ஹாலில் உட்கார்ந்துதான் கப்பலில் இருக்கும் என் புருஷனோடு பேசினேன். படுக்கையறையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் சுவிட்ச் உண்டு, பிளக் பாயிண்ட் கிடையாது. இந்த வாடகை வீட்டைக் கட்டிய புண்ணியவான் அந்த அறைக்குத் தூங்க மட்டும்தான் போவார் போலிருக்கிறது. ஹாலிலிருந்து நீள வயர் இழுக்கலாம் என்றால், மாமா போன வருடம் இஸ்திரிப் பெட்டி வயர் தடுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்தவர். தரையில் வயரைப் பார்த்தாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும். கேட்க மனம் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நான் நடுவில், இடப்பக்கம் அவன் அம்மா, வலப்பக்கம் அவன் அப்பா. திரையில் அவன். கப்பலில் ஒருவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கணினி கிடைக்கும். கப்பல் கம்பெனியின் செயலி என் பழைய போனில் ஏறாது. "கொஞ்சம் வெளியே போங்க" என்று பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

புருஷன் பெண்டாட்டி பேச்சு முடிந்தது. தனியாக இருந்தால் அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். ஹாலில் 'என்னங்க'.

முடிக்கும்போது சொன்னான்: ஊருக்கு வராமல் இன்னும் ஒன்பது மாதம் தொடர முடியுமா என்று கம்பெனி கேட்கிறதாம். 24ஆம் தேதி பதில் சொல்ல வேண்டும்.

"நல்ல கப்பல்னு நீதானே சொல்றே. இருந்துட்டு வாயேண்டா" என்றார் அத்தை.

அவன் என்னைப் பார்த்தான். நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன்.

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

"எழுதி அனுப்பேன்டி" என்கிறாள் ஆய்வகத்தில் என்னோடு ரத்தம் எடுக்கும் அக்கா. அவளுக்கென்ன. கப்பலுக்கு எது எழுதினாலும் பொது முகவரிக்குத்தான் போகும். ஆபீஸ் அறையில் யாரோ அச்செடுத்து, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவன் தலையணையைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன் என்பதை ஊர் பேர் தெரியாத அதிகாரி படித்துவிட்டா கொடுக்க வேண்டும்?

இன்று நாற்பத்தொரு பேருக்கு ஊசி. "ஒண்ணும் வலிக்காது, கையை இறுக்கி மூடிக்கோங்க." நாற்பத்தொரு பொய்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை போட்டுக்கொடுத்துவிட்டார். "லேப்டாப்பு வயரைப் புடுங்குனா நின்னுபோகுதுடா."

கப்பலில் அவன் எலெக்ட்ரீஷியன். அவ்வளவுதான், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. என் புருஷன் போய் மெக்கானிக் வந்து உட்கார்ந்துகொண்டான். பேட்டரியைக் கழற்றச் சொன்னான். பித்தளை முனைகளை ரப்பரால் தேய்க்கச் சொன்னான். மறுபடி மாட்டு, தாழ்ப்பாள் ஆடுகிறதா பார், சத்தம் கேட்டதா? மாமா டார்ச் பிடித்தார். அத்தை திருகாணிக்குக் கிண்ணம் நீட்டினார். நாற்பது நிமிடம்!

"சரி, இப்ப வயரைக் கழட்டு. பேட்டரி தாங்குதான்னு பாப்போம்."

கழற்றினேன்.

போய்விட்டான்.

மூன்று பேரும் கறுத்த திரையில் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி போட்டு எழுப்புவதற்குள் அங்கே கணினி அடுத்த ஆளிடம் போய்விட்டது. பேசிக்கொண்டிருக்கும் பெட்டியின் வயரையே பிடுங்கச் சொல்கிறான், பெரிய எலெக்ட்ரீஷியன். பிடுங்கினேனே, நான் அதைவிட மண்டு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அணைவதற்கு முன் அவன் முகத்தில் இருந்த அந்த உற்சாகம் இருக்கிறதே... நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

மார்ச் 12, புதன்

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையை நடத்துவது ஓர் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. வயர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு முப்பது நொடி பட்டனை அமுக்கினார். செட்டிங்கில் பேட்டரியை அழித்து மறுபடி சேர்த்தார். வேறு சார்ஜர் போட்டார். ஒன்றும் அசையவில்லை.

"செல் செத்துப்போச்சும்மா. நூறுன்னு காட்டும், உள்ள ஒண்ணும் இருக்காது. புதுசு வரவழைக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளி 21. ஞாயிறு 23. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் கிடைத்தால் போதும். ஒரு நிமிடம் போதும்.

மார்ச் 16, ஞாயிறு

அத்தை இன்றும் இருந்துட்டு வா என்றார். நான் இன்றும் ஊமை.

மார்ச் 21, வெள்ளி

பேட்டரி வந்திருக்கிறது. ஒரு விரல் நீளம் அதிகம். உட்காரவில்லை.

"மாடல் நம்பர்ல நான்தான் தப்பு பண்ணிட்டேன். பத்து நாள் குடுங்கம்மா."

பத்து நாளா! கடையில் நின்று கத்திவிட்டேன். "அவ்வளவு அவசர வேலையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். ஆமாம் என்றேன். என்ன வேலை என்று கேட்டிருந்தால்? புருஷனைக் கூப்பிட வேண்டும் என்பதா?

மார்ச் 23, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

அதே ஹால், அதே மூன்று நாற்காலி. அத்தைதான் ஆரம்பித்தார். "நாளைக்குப் பதில் சொல்லணுமில்ல?"

"இருந்துடலாம்னு நெனைக்கிறேம்மா. வீட்ல யாரும் வேணாம்னு சொல்லலையே."

யாரும் என்றபோது என்னைத்தான் பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்றேன். "வேணாம். வந்துடு. எனக்கு நீ வேணும்டா. இன்னும் ஒம்பது மாசமெல்லாம் என்னால முடியாது."

'டா'. அத்தை முன்னால், மாமா முன்னால்.

அவன் அசையவே இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, எச்சில் விழுங்கினான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அத்தை எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எந்திரிங்க, ஒரு நடை போய்ட்டு வரலாம்."

"இப்ப எதுக்கு? இடுப்பு வலிக்குது..."

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ வாயே தொறக்கல. உனக்குச் சம்மதம்போலன்னுதான் நானும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு இருடான்னேன். எனக்கு மட்டும் புள்ள வேணாமா?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐம்பது நிமிடம் இருந்தது. எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம் என்று எழுத ஆசைதான். பாதி நேரம் பேசவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தோம். அவனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. இத்தனை வாரமும் அது என் கண்ணில் படவே இல்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றான்.

சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

கடையிலிருந்து போன். சரியான பேட்டரி வந்துவிட்டதாம். மெதுவாக வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் குளியலறைக்குப் போனால், வாளித் தண்ணீரில் புது சோப்பு ஊறிக் கூழாகிக் கிடக்கிறது. கட்டில்மேல் ஈரத்துண்டு. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அடுக்களையிலிருந்து அத்தை ஆரம்பித்துவிட்டார்: "எருமமாடு, வந்து முழுசா ரெண்டு நாள் ஆகல, வீட்டை என்ன பண்ணி வெச்சிருக்கான் பாரு!"

அந்தக் கொழகொழ சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.