ஞாயிற்றுக்கிழமை போட்ட கைப்பிடித் தீவனம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய், சிரி. இரண்டு அறை வீட்டில் நான் போனில் பேசினால் உன் அப்பா கட்டிலில் படுத்தபடியே ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், அவர் யாரிடமும் சொல்லாதே என்ற விஷயத்தைத்தான் உனக்கு எழுதப் போகிறேன்.

நீ அனுப்பிய படம் போன வாரம் வந்தது. மூன்று வாரம் வாயைக் கட்டி ஐந்து கிலோ குறைத்தேன் என்று பெருமை வேறு. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், காற்றடித்தால் பறந்துவிடுவாய் போல இருக்கிறாயடி! அன்றைக்கே உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். பட்டினி கிடந்தால் சதை கரைந்து கொழுப்புதான் ஏறும், என் எலிகளிடமே கண்ணால் பார்த்தேன் என்று நாலு வரி எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வுக்கூடம் உனக்குத் தெரியும், சன்னலே கிடையாது, ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும், நடுவில் நிற்கிற ஒரு நிமிஷம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மூச்சு முட்டும். அங்கே ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி. எதையும் எடை போடாமல் விடமாட்டாள், தன் மதியச் சாப்பாட்டைக்கூட, அதனால் நாங்கள் தராசு என்று பேர் வைத்துவிட்டோம். அவளுக்கு முப்பத்திரண்டு வெள்ளை எலிகள். பாதிக்கு வயிறு நிறைய, மீதிப் பாதிக்கு மூன்று வாரத்துக்கு மட்டும் பத்துப் பங்கில் ஆறு பங்கு தீவனம். முடிந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு குழாயில் விட்டு இயந்திரத்துக்குள் வைத்தால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று திரையில் காட்டும். கொஞ்ச நாள் அரை வயிறு உடம்பை என்ன செய்கிறது, அதுதான் அவள் கேள்வி. தீவனத்தை நிறுத்துப் போடுவது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அரைவயிற்று எலிகள் கம்பியைக் கடிக்கும், மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிறைவயிற்றுக் கூண்டுகளிலோ தின்றது போக மிச்சம் கிடக்கும். பெற்ற வயிறு கேட்குமா? அரைவயிற்று எலிகளில் நடு வரிசையில் என் முகத்துக்கு நேரே இருந்த எட்டுக்கும் ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். மூன்று ஞாயிறும் போட்டேன். ஒரு நாள் தின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன், முழுகித்தான் போயிற்று.

இயந்திரம் காட்டியதைப் பார்த்துத் தராசு துள்ளிக் குதித்தாள். அரைவயிற்று எலிகளில் பாதிக்குச் சதை குறைந்து கொழுப்பு ஏறியிருந்ததாம், அந்தப் பாதி என் எட்டுதான் என்று எனக்குத்தானே தெரியும். இதுவரைக்கும் யாரும் பார்க்காதது, எல்லாம் உங்க கைராசிதான்க்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கூட்டத்தில் வாசிக்கப் போகிறாளாம். நாலு நாள் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திரிந்தேன், ஐந்தாம் நாள் கூண்டு கழுவுகிற இடத்தில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள், கதவு பக்கம் ஒருமுறை பார்த்தாள், நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல, என் ரெண்டு வருஷ உழைப்பு போயிடும்க்கா என்றாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று போன நான் இன்னொருத்தியின் பாரத்தையும் சுமந்துகொண்டு வந்தேன். இப்போது எதிரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

உன் அப்பாவிடம் சொன்னால், நீ என்ன அரிச்சந்திரனுக்கு அக்கா மகளா, எலிக்குத் தின்னப் போட்டது ஒரு குத்தமா, வேலை போனா வீடும் போகும், இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எத்தன மாடி ஏறுவேன் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலையோடு வந்த வீடு, படியில்லாத தரைத்தளம், குளியலறைச் சுவரில் அவர் பிடித்து எழுந்திருக்க நான் கெஞ்சிக் கூத்தாடி வைக்கச் சொன்ன கம்பி. எனக்கும் இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது கண்ணு.

பேசாமல் இருந்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். உனக்கு அந்த நாலு வரி எழுதியபோதுதான் சுரீரென்றது. பட்டினி என்ன செய்யும் என்று எனக்கு எங்கே தெரியும்? ஆறு நாள் அரை வயிறும் ஏழாம் நாள் என் கைப்பிடியும் சேர்ந்து என்ன செய்தது என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. நானே சமைத்த பொய்யை நான் பெற்ற பிள்ளைக்கே பரிமாறப் பார்த்தேன். நாளைக்கு எவளோ ஒரு தாய் இதைப் பேப்பரில் படித்துத் தன் மகளுக்கு எழுதுவாள். சோதனை முடிந்ததும் எலிகளை வைத்திருக்க மாட்டார்கள், முப்பத்திரண்டும் போய்விட்டன. இதை நம்பி வேறெங்கோ இன்னும் நூறு எலிகளைப் பட்டினி போடுவார்கள், இரக்கப்பட்டவள் நான்தான், நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

துறைத் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அள்ளிப் போட்டது நான் என்று மட்டும் எழுதினேன், அந்தப் பெண்ணிடம் சொன்னதை எழுதவில்லை, அவள் கதையை அவள் வாயால் சொல்லட்டும். நாளைக் காலை கொடுக்கப் போகிறேன். நீ எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஒரு நல்ல டாக்டரிடம் கேள், என் பேச்சை நம்பாதே, ஆனால் சாப்பிடு தாயே, அம்மாவுக்காக ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடு. நோய் நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வயசு நன்றாக இரு.

ஒன்று மறந்துவிடாதே. இதற்குப் பதிலை இந்த விலாசத்துக்குப் போடாதே, அது வந்து சேரும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். நான் உறையைக் கொடுக்கப் போவது அப்பாவுக்கு இன்னும் தெரியாது, போன் செய்தால் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா