அக்காவுக்கு வந்த மறதி

அக்கா,

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தடவினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வாசலில் வந்து நிற்பது போலிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் சேலையில் அதுதான் மணக்கும். ஊசி எடுத்த பின்னும் கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன். "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன்.

தல்லாகுளத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னபோது, எட்டாவதோடு நின்றுபோன என்னைத்தான் கூட வரச் சொன்னீர்கள். "நீ எல்லாத்தையும் நோட்டுப் போட்டு எழுதுறவ. எனக்கு அது போதும்" என்றீர்கள்.

ஓட்டுக் கேட்கும் வழியை யோசித்துச் சொன்னதும் நான்தான். அத்தனை வருடம் அரசாங்க டாக்டராகப் பிரசவம் பார்த்தவர் நீங்கள். எந்த ஊரில் யாருக்கு என்ன பிள்ளை என்பது மனப்பாடம். "பேரச் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைய விசாரிங்கக்கா. ஓட்டு தானா விழும்." நீங்கள் சொல்லச் சொல்ல ஊர்வாரியாகப் பெயர்களை எழுதினேன்.

நாலு ஊரில் பலித்தது. ஐந்தாவது ஊரின் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். ஆரத்தித் தட்டோடு வந்தவளைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "அடியே, நீயா! ஒன் மூத்தது பொம்பளப் பிள்ளையில்ல? இப்ப எம்புட்டு வளந்திருக்கும்?"

மாமியார் தன் இடுப்பிலிருந்த பையனைக் காட்டி, "இவந்தானம்மா இவளுக்குத் தலச்சன்" என்றார். அவள் தட்டைக் கீழே இறக்கினாள். அவள் புருசன் திரும்பிப் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளை, அந்த வீட்டுக்குத் தெரியாத பிள்ளை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "வேற யாரையோ நெனச்சுட்டேன் தாயி. ரெண்டு வருசமாவே மறதி. நேத்துக்கூட என் வீடுன்னு நெனச்சு அடுத்த வீட்டுக்குள்ள போயிட்டேன்."

கூட்டம் சிரித்தது. "ஜெயிச்சா சட்டசபைக்காச்சும் வழி தெரியுமா டாக்டரம்மா?" என்றான் ஒருவன்.

"நீதான் மாப்ள கூட்டிட்டுப் போகணும்."

மறுநாளே எதிர்த்து நின்றவரின் ஆட்டோ தெருத்தெருவாகக் கத்தியது: "மறதி டாக்டருக்கா உங்க ஓட்டு?" நான் அழுதேன். ஒரே ஒரு கூட்டத்தில் உங்கள் ஞாபகத்தைக் காட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு தடவ காட்டினா அந்த ஆரத்திப் பொண்ணு கத முடிஞ்சுது" என்றீர்கள். அதற்குப் பிறகு, நீங்களே பெயர் வைத்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடமும், "அப்படியா? யாரும்மா நீ?" என்று கேட்டீர்கள். அவர்கள் முகம் வாடித் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டெபாசிட்டும் போனது. என் யோசனையால் வந்த வினை என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசி நாளில்கூட என் பேத்தியின் தடுப்பூசித் தேதியை நீங்கள்தான் ஞாபகப்படுத்தினீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், "பாவம், மறதி முத்திப் போச்சு" என்றார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "நீங்க அந்த டாக்டரம்மா கூட வந்தவுகதான?" என்றான். ஐந்தாவது ஊரில் பார்த்த அதே புருசன். பக்கத்தில் அவள், பையனின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"அவுகளுக்கு நெசமாவே மறதிதானாக்கா?"

சாமி முன்னால் பொய் சொல்லி அறியாதவள் நான். "கடைசில என்னையவே யாருன்னு கேட்டாகப்பா" என்றேன்.

"பாவம்" என்றான். நம்பித்தான் சொன்னானா, தெரியவில்லை. அவள் தலை நிமிரவில்லை. என் முறை வந்தது. முருகனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கை கூப்பினேன், அக்கா. ஆனால் அடுத்த தடவை அவன் கேட்டால் இன்னும் நம்பும்படி சொல்ல வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன்.