கில்ட்டுக்கு ஏற்ற சேலை

சலவைக் கடையிலிருந்து இன்று காலை என் கணவரின் கில்ட் வந்தது; அவர் ஊரில் ஆண்கள் விசேஷங்களுக்கு முழங்கால்வரை கட்டும் கம்பளி உடுப்பு. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் ஆவி பட்ட கம்பளியின் வாசனை அறையெல்லாம் பரவியது. வெள்ளிக்கிழமை அவருடைய ஸ்காட்லாந்து நண்பர்கள் ஒரு ஹோட்டலில் மதிய விருந்துக்குக் கூடுகிறார்கள். ஆண்கள் எல்லாரும் கில்ட்டில் வருவார்கள். நான் அரை மணி நேரமாக அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதைக் கட்டுவதென்று தெரியவில்லை. உன்னிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாய். கேட்க முடியாது என்று தெரிந்தும், கட்டிலில் உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

வளைகுடாவுக்கு வேலைக்கு வந்து, கராமாவில் நாம் இருந்த அறையில் நான்கு கட்டில்கள். உன்னுடையது ஜன்னலோரம், என்னுடையது அதற்கு எதிரே. நீ நாகூரிலிருந்து வந்தவள், துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நான் தென்காசிக்காரி, கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று முதலில் உன்னிடம்தான் சொன்னேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "சோறு சாப்பிடுவாரா?"

கல்யாணத்துக்குத் தன் தாத்தாவின் கில்ட்டைத்தான் அணிவேன் என்று அவர் சொன்னார். அப்பாவுக்கு அதன் படத்தை அனுப்பினேன். "மாப்பிள்ளை பாவாடையைக் கட்டிக்கிட்டா மணவறையில உக்காருவாரு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. நான் அழுதுகொண்டே உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

"எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாம் கட்டம் போட்ட கைலிதானே கட்டுறாங்க. இது கொஞ்சம் குட்டைக் கைலி. இதுக்கு ஏன்டி அழுவுற?"

அடுத்த விடுமுறை நாளில் அந்தக் கில்ட்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நாம் கடை கடையாக ஏறினோம். கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டங்கள், ஊடே சிவப்பிலும் மஞ்சளிலும் மெல்லிய கோடுகள். நானும் கட்டம் போட்ட சேலை எடுத்தால் ஜோடியாக இருக்கும் என்று நினைத்தேன். நீ இரண்டையும் அருகருகே விரித்துக் காட்டினாய். "ரெண்டு பேரும் சேந்து நின்னா ஓட்டல் மேசை விரிப்பு மாதிரி இருப்பீங்க." அதே கரும்பச்சையில் ஒன்றை எடுத்தேன். "ஸ்கூல் யூனிஃபார்ம்" என்றாய். கடைசியில், கல்யாணப் பெண்தானே என்று சிவப்புப் பட்டைக் கேட்டேன். அதையும் நீ மடித்து வைத்துவிட்டாய். "எல்லாரும் உன்னையத்தான் பாப்பாங்க. அவரு பக்கத்துல வேசம் போட்டுட்டு நிக்கிற மாதிரி ஆயிடும். பாவம்டி."

பிறகு கில்ட்டை மடியில் போட்டு, குனிந்து, நகத்தால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாய். கடைக்காரர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். "இதுல எந்த நிறம் ரொம்பக் குறைச்சலா இருக்கோ, அதத்தான் நீ முழுசாக் கட்டணும்." மஞ்சள் கோடு நூலளவுதான் இருந்தது. அந்த மஞ்சளில், கடுகை அரைத்த நிறத்தில், வேலைப்பாடு இல்லாத ஒரு பட்டு. விளிம்பில் விரல் அகலப் பச்சைக் கரை. "அவரு உடுப்பு நிறையப் பேசுது. நீ கம்முன்னு நில்லு, போதும்." ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வைத்து அவருக்கு ஒரு கழுத்துப் பட்டியும் தைத்துக் கொடுத்தாய். அவருடைய இடுப்புக்கு முன்னால் தொங்கும் தோல் பையைப் பார்த்து, "இதுல வெத்தல பாக்கு வப்பாரோ?" என்று நீ கேட்டதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து நீ எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டினார்.

கல்யாணத்தன்று அப்பா வந்து நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ம், கலர் சேந்திருக்கு" என்றார். நீ பந்தலின் ஓரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

ஐந்து மாதம் கழித்துத்தான் வயிற்றில் கட்டி இருப்பதைச் சொன்னாய். அதற்கும் முன்பிருந்தே வலி இருந்திருக்கிறது. மருத்துவம் தொடங்கிய மூன்றாம் வாரம் உன் முதலாளி கடையையே மூடிவிட்டார். விசா ரத்தானது, அதோடு காப்பீடும் போனது. என் கணவர் தன் அலுவலகத்தில் கேட்டார், தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். நான் உன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராக நின்றேன். ஓரிடத்தில் இருந்தவர் காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினார். "விசா மாஃபி, சிஸ்டர். மே கியா கரூன்?" விசா இல்லை, நான் என்ன செய்வது என்கிறார். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. அவருக்கும் வேறு வழி இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

விமான நிலையத்தில் நீ சக்கர நாற்காலியில் இருந்தாய். "ஊருல நல்ல டாக்டர் இருக்காங்க. இன்ஷா அல்லாஹ், நல்லாயிட்டு வர்றேன்" என்றாய். சீக்கிரம் வந்து பார்க்கிறேன் என்று நான் சொன்னேன். அப்போது எனக்கு மூன்று மாதம். பிறகு ரத்தம் பட்டது, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்த இடத்திலிருந்து உன்னைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ முன்னைவிடச் சிறுத்திருந்தாய்.

எனக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் நீயே கேட்டாய். "கல்யாணத்து உடுப்புல உங்க ரெண்டு பேரையும் இன்னொரு தடவ பாக்கணும்டி. அன்னைக்கு ஓரமா நின்னுட்டேன், சரியாப் பாக்கல."

அடுத்த நாள் மதியம் அவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தார். மேல்சட்டை, நீளக் காலுறை, நீ தைத்த கழுத்துப் பட்டி என்று எதையும் விடாமல் அணிந்துகொண்டார். எனக்கு வயிற்றின்மேல் கொசுவம் நிற்கவில்லை, அவர்தான் மண்டியிட்டுச் செருகிவிட்டார். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் சுவரோரம் நின்றோம்.

உன் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு உன் குரல் வந்தது.

"கொசுவத்த வயித்துக்குக் கீழ எறக்கு. புள்ளைக்கு மூச்சு முட்டும்."

இறக்கினேன்.

"மச்சானத் திரும்பச் சொல்லு. பின்பக்க மடிப்பப் பாக்கணும்."

அவர் திரும்பி நின்றார். எட்டு கஜக் கம்பளியின் மடிப்புகளை உனக்குக் காட்டியபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, நீ சொல்லட்டும் என்று அசையாமல் நின்றார். சிறிது நேரத்தில் உன் அண்ணனின் முகம் தெரிந்தது. "மருந்து குடுத்திருக்கும்மா, தூங்கிடுச்சு. அப்புறம் பேசுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. முழு அலங்காரத்தோடு, போவதற்கு ஓர் இடமும் இல்லாமல், நாங்கள் இருவரும் அந்தச் சின்ன ஹாலில் நின்றோம். கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் கேட்டார். மாலைவரை இருவரும் உடை மாற்றவில்லை. ஒருவேளை நீ விழித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடலாம் என்று நினைத்தோம்.

பதினோரு நாள் கழித்து உன் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நான் அப்போது பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தேன். உன்னை அடக்கம் செய்த நேரத்தில் என் கையில் ஊசிவழி மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது அவருடைய நண்பர்களின் மனைவிமார் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கட்டத்தோடு கட்டத்தைச் சேர்க்காதீர்கள், இருப்பதிலேயே குறைவான நிறத்தை எடுங்கள் என்கிறேன். கெட்டிக்காரி என்று என்னைப் பாராட்டுகிறார்கள். என் தோழி சொன்னது என்றால், அவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்பார்கள். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அவரிடம்கூடச் சொன்னதில்லை. நாம் சேலை தேடிய அன்று, மூன்றாவது கடையை விட்டு வெளியே வந்ததும் நீ படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெயில்தான் என்று நினைத்தேன். "யல்லாடி, சீக்கிரம் வா, ஜும்மா தொழுகைக்குக் கடையச் சாத்திருவாங்க" என்றேன். நீ ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். மறு கையில் அந்தக் கம்பளிப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாய். அதை உன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.