பன்விலயில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது

என் பாசத்துக்குரிய கொமாண்டர் ஐயாவுக்கு,

குண்டசாலை வீட்டு மாமரம் இந்த வருடம் காய்த்துக் கொட்டுகிறது. நீங்கள் இருந்தவரை ஒரு பிஞ்சுக்குக்கூட வழியில்லாமல் நின்ற மரம். வீட்டுக்காரர் உங்கள் சாய்வுக் கதிரையை எனக்கே தந்துவிட்டார். கண்டியில் என் டைப்பிங் கடையில்தான் கிடக்கிறது. வருகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு விசாப் படிவம் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். உங்களைப் போல ஒரு கமாவுக்காக அரைமணி நேரம் சண்டை போட ஆளில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடிய பெருமாளின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் ஐயா. முன்பு அதைத் தவறவிட்டதும் நான்தான்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று வயதில் உங்களை உங்கள் ஊரில் கடற்படைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மீசை சரியாக முளைக்காத வயதில் வெள்ளைக்காரக் கடற்படையின் இளம் அதிகாரியாகத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தீர்கள். அந்தக் கப்பலில் அதிகாரிகளுக்குத் தேநீர் ஊற்றிய மலையகப் பையன்தான் பெருமாள். "எங்க பன்விலத் தேயிலை இல்லீங்க இது, கூட்டி அள்ளின தூசு" என்று அரைகுறை ஆங்கிலத்தில் உங்கள் கப்பல் தேயிலையைக் கேலி செய்தவன். உங்கள் வயதுதான் அவனுக்கும்.

ஒரு நாள் காற்று ஏறிக்கொண்டிருந்தது. படகோட்டி கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கரையில் தபால் காத்திருக்கிறது, போ என்று கட்டளை போட்டவர் நீங்கள். மரக்கறி வாங்க அவனும் அந்தப் படகில் ஏறினான். படகு கவிழ்ந்தது. மற்றவர்களைத் தூக்கினார்கள், அவன் மட்டும் கிடைக்கவே இல்லை. விசாரணையில் பழியை வானிலை மேல் போட்டார்கள். உங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களை நடத்தினீர்கள், கொமாண்டர் ஆனீர்கள், பதக்கங்கள் வந்தன. அவற்றை நீங்கள் காலுறைகளோடு மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தவள் நான். ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, ஒரு பெட்டியோடு கண்டிக்கு வந்தீர்கள். கடிதம் அடிக்க என் கடைக்கு வந்தபோது, இந்த ஊருக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "அவனுடைய வீட்டில் ஒருவரிடமாவது கட்டளை போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும்" என்றீர்கள். அன்றைக்கே உங்களுக்குத் தமிழ் வாயாக வர ஒப்புக்கொண்டேன்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! பன்வில பஸ்ஸில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தோட்டம் தோட்டமாக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக அலைந்தோம். கப்பலில் எல்லாரையும் கடைசிப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். உங்களிடம் இருந்ததும் அந்த ஒற்றைப் பெயர்தான். நானும் அதையே கேட்டுக்கொண்டு போனேன்: கடலில் செத்துப்போன பெருமாள் என்று யாராவது?

ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கு லயத்தில், ஒரு பெரியவர் சாயத் தண்ணியும் வெல்லமும் தந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ராமையா. அவர் சொன்னது இதுதான்:

"பெருமாளா? அது எங்கப்பா பேருங்கம்மா. இங்கனயே பொறந்து இங்கனயே செத்தாரு, கடலக் கண்ணால பாத்ததில்ல. எங்க அண்ணன் ஒருத்தன்தான் கங்காணிகூட சண்ட போட்டுக்கிட்டு ஒருநாள் காலையில ஓடிப் போயிட்டான். இந்தியாவுக்குப் போயிட்டான்னு பேசிக்கிட்டாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் அவனத் திட்டிக்கிட்டே கெடந்துச்சு..."

அவர் பேசிக்கொண்டே போனார். கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. நான் உங்களிடம், "இல்லையாம், அது அவருடைய அப்பா பெயராம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

"நிறையப் பேசினாரே?" என்று கேட்டீர்கள்.

"குடும்பக் கதை ஐயா, நமக்குத் தேவையில்லாதது" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள், அந்தப் பெரியவருக்குக் கைகுலுக்கி நன்றி சொன்னீர்கள். தேடி வந்த வீட்டிலேயே தேநீர் குடித்துவிட்டுப் படியிறங்கினீர்கள்.

நீங்கள் கண்மூடி மூன்றாம் மாதம் உங்கள் ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் உறை வந்தது. நாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன, பெருமாள் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தின் பிரதி. ஆங்கிலத்தில் 'மருதை பெருமாள்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அடியில் அவனே தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்: பெ. மருதை. மருதைதான் அவன் பெயர், பெருமாள் அவனுடைய அப்பா.

உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதா? படிவத்துக்காக எங்கள் ஆட்கள் அப்பாவின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்வதும், அதையே நம்முடைய பெயராக்கிக் கூப்பிடுவதும் தினம் நடப்பதுதானே. வங்கியில் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடும்போது நானே திரும்பிப் பார்ப்பதில்லை! அப்படியிருந்தும் எனக்கு மூளை ஓடவில்லை. கப்பலில் ஒரு கட்டளையைக் கேட்டவன் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பீர்கள். எனக்கோ நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்கித் தரும் கடைக்காரப் புத்தி. அந்தப் புத்தியால் உங்களை வெறும் கையோடு அனுப்பிவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா? கேட்டுப் பதில் வாங்கவும் வழியில்லையே.

போன மாதம் தனியாகப் பன்வில போனேன். ராமையாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்தது. ஓடிப்போன அண்ணனின் பெயர் மருதைதானே என்று கேட்டேன், ஆமாம் என்றார். படிவத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கட்டளையையும், என் ஒற்றை வரியையும். அண்ணனின் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவன் எங்கள விட்டுட்டு இந்தியாவுக்குப் போகலையா? எங்கம்மா அவனச் சும்மாவா இத்தன வருஷம் திட்டுச்சு?" என்று கேட்டு அழுதார். நானும் அழுதேன்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஐயா நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு. இல்லன்னா இந்த மேட்டுல ஏறி வருவாரா? ஆனா அப்பவே ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல?"

கடற்படையே அறிவித்திருக்கும் என்று நீங்கள் நம்பியதைச் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் மேலே வாதாடவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "அந்த ஐயாவுக்குத் திதியெல்லாம் யாரு செய்யிறது?"

"அவரோட சொந்த மக வெளிநாட்டுல இருக்காங்க. அவங்க வழக்கத்துல இதெல்லாம் இல்லங்க."

"அப்ப ஆடி அமாவாசைக்குத் திருகோணமலைக்குப் போவோம். அண்ணனுக்கு எள்ளுந் தண்ணியும் விடுறப்ப அவருக்கும் ஒரு கை விட்டுருவோம். ஆனா என் கோவம் தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை ஐயா. தீரவில்லை என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆடி அமாவாசையன்று அவரைக் கைபிடித்து அந்தக் கடலில் இறக்குகிறேன். அண்ணனிடம் அவர் பேசுவதை, உங்களைப் பற்றிப் பேசுவதை, ஏசினால் அந்த ஏச்சையும், பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் உங்களுக்குச் சொல்வேன். இனி ஒரு சொல்லையும் விடமாட்டேன், இது சத்தியம்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவுமுறை கேட்ட இடத்தில் நீங்கள் மகள் என்று எழுதிக் கொடுத்த,
கலைவாணி