மொட்டைக்கு எடுத்த அளவு

அன்பு மகள் வாலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், தையல் மெஷினும் சுகம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. போன புதன்கிழமை நீ கூப்பிட்டபோது வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை என்றேன், அது பொய். போனில் நீ எப்படியம்மா இருக்கிறாய் என்பாய், நான் நன்றாக இருக்கிறேன் என்பேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடும் முழுசாக இருக்கிறது, பதறாமல் படி.

அப்பா சேர்த்து வைத்த பழைய ராணுவச் சாமான்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தோம் அல்லவா, அதற்காக அதன் பொறுப்பாளர் வந்திருந்தார். வெறும் ஷெல் கூடுகள், இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குடுவை என்று மொத்தம் நாற்பது உருப்படி, ஒவ்வொன்றுக்கும் அப்பா கையெழுத்தில் ஒரு அட்டை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நல்ல சாமான்தான், ஆனால் எங்கேயும் கிடைப்பதுதான், பின்னறையில் ஒரு தட்டு ஒதுக்குகிறேன் என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் பழைய இரும்புக் கடைகளைச் சலித்த மனிதருக்குப் பின்னறையா? எழுந்து போகும்போது அவர் கண் என் வெட்டு மேஜைமேல் பட்டது. அங்கே நம் மொட்டை. மறந்திருக்க மாட்டாய், துணி நகராமல் இருக்க நான் தூக்கி வைக்கும் பேரிக்காய் மாதிரியான இரும்பு, நீ தையல் சாக்பீஸால் அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து வெட்டுத்துணியில் குல்லா போடுவாயே, அதுதான். வாங்கிவந்த வாரமே அப்பா, "இது ராணுவ சாமானே இல்ல, ஏதோ மில்லுல கழட்டிப் போட்ட எடை, நீயே வெச்சுக்கோ" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். பொறுப்பாளருக்குத் தெரிந்தது பானையும் நாணயமும்தான். ஆனாலும் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்லம்மா, இது என்னன்னு தெரிஞ்சா முன் கூடத்துலயே உங்க வீட்டுக்காரர் பேரோட வெச்சிடலாம்" என்றார். எனக்கு அது போதாதா?

ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். கூப்பிட்டேன். அவர் அளவு கேட்டார், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, கழுத்து ஐந்தரை, மார்பு பத்து, இடுப்பு எட்டு, உயரம் ஒன்பது என்று மளமளவென்று சொன்னேன். "என்னம்மா, சட்டை தைக்கக் குடுக்கற மாதிரி சொல்றீங்க" என்று சிரித்தார். எடை வேண்டும் என்றார். துணிப்பையில் போட்டு மளிகைக் கடைக்கு நடந்தேன், வழியில் இரண்டு இடத்தில் பையைத் தரையில் வைத்து ஊர்க்கதை வேறு பேசினேன். மூன்று கிலோ நானூறு. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கு மூடி திருகுகிறதா என்றார், அந்த நாளிலேயே அப்பா குறடு போட்டுத் திருகியும் அசையவில்லை என்றேன். அப்புறம், "இப்ப அது எங்கம்மா இருக்கு?" என்றார். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் என்றேன். "இனிமே அதத் தொடாதீங்க. வெளக்க அணைக்கறேன், கதவப் பூட்டறேன்னு நிக்காதீங்க. அப்படியே வெளிய போய்ப் போலீஸுக்குச் சொல்லுங்க. அது பழைய சண்டைக் காலத்து மார்ட்டர் குண்டும்மா, வாலை யாரோ அறுத்திருக்காங்க. அந்த வகையில ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சாங்க. காலியா இருந்தா ரெண்டரை கிலோவத் தாண்டாது. உள்ள மருந்து அப்படியே இருக்கு."

போலீஸ் வந்து தெருவையே காலி பண்ணிவிட்டார்கள். எல்லாரும் முனையில் நின்று என்னைப் பார்க்கிறார்கள், நான் கழுத்தில் டேப்போடு நிற்கிறேன். ஒரு அதிகாரி படிவத்தோடு வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லையடி, அப்பா இருந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அப்படியே சொல்லிப் பழகிய வாய். அவ்வளவுதான், கனத்த உடுப்பு மாட்டிய இரண்டு பேர் உள்ளே போய் அறை அறையாகத் தேடியிருக்கிறார்கள். "யாராவது இருக்கீங்களா, வெளிய வந்துடுங்க" என்று கூப்பிடுவது தெருமுனை வரை கேட்டது. உன் கட்டிலுக்கு அடியில், அப்பா அலமாரிக்குப் பின்னால், மேஜைக்குக் கீழே, எங்கும் பார்த்துவிட்டு ஒருவர் வியர்வை சொட்ட வந்து, "உள்ள யாருமே இல்லயேம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயால் யார் பெற்ற பிள்ளைகளோ அந்தச் சனியன் பக்கத்தில் அத்தனை நேரம் நின்றிருக்கிறார்கள். உடம்பு கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மொட்டையை மணல் பெட்டியில் வைத்துக் கல்குவாரிக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். சத்தம் இங்கே வரை வந்து ஜன்னல் அதிர்ந்தது. அந்த மேஜைக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில்தானே சின்ன வயதில் நீ தூங்குவாய், மேலே மொட்டையும் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியும். அதை நினைத்து நினைத்து அழுதேன். அப்பாமேல் கோபம் கோபமாக வருகிறது. வாழ்நாளெல்லாம் தேடியதில் அபூர்வமானது அது ஒன்றுதான், அதைப் போய் எடை என்று என்னிடம் தள்ளினாரே. சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத கஷ்டத்தில் பெரிய கஷ்டம் அதுதான்.

பொறுப்பாளர் நல்ல மனிதர். அன்றைக்கே தன் போனில் எடுத்திருந்த மொட்டையின் படத்தைப் பெரிதாக்கி முன் கூடத்தில் மாட்டுகிறாராம். அப்பா பேனாவாலேயே நாற்பத்தோராவது அட்டையை எழுதினேன், அளவெல்லாம் நான் எடுத்ததுதான், கழுத்து, மார்பு, இடுப்பு என்றே இருக்கட்டும் என்று பொறுப்பாளரே சொன்னார். அடுத்த மாதம் கடைசி ஞாயிறு அதைப் பார்வைக்குத் திறக்கிறார்கள்.

நேற்று அந்த அதிகாரி படிவத்தோடு மறுபடி வந்தார். "மூணுன்னு எழுதியிருக்கும்மா, அத அடிச்சிட்டு ஒண்ணுன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார். அடித்தேன். எழுதினேன். கையெழுத்துதான் கோணிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண் விழித்து வேலை செய்யாதே, நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்க என் ஆசி எப்போதும் உண்டு. உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், போனில் கேட்க வாய் வராது, அதனால் இதில் கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கு வா. பத்து நாள் இருந்தால் போதும். அந்தப் பத்து நாளுக்குள் யாராவது வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், இரண்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொட்டை இருந்த இடத்தில் செங்கல்லை வைத்துத் துணி வெட்டும்
உன் அம்மா